கைதட்டல் இல்லாமல் செத்த ராணி

டீச்சருங்களா நீங்க? நெனச்சேன், கைப்பையில சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கு. அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன். இல்ல, இல்ல, முந்தின பக்கம். ஆங், இந்தம்மாதான். தலையில கோபுரம் கட்டுன மாதிரி கொண்டை, இடுப்புக்குக் கீழ பந்தல் போட்ட மாதிரி பாவாடை. பிரான்ஸ் தேசத்து மகாராணி, மரி அந்துவானெத். பாத்தீங்களா, பேரு தடுக்காம வருது. ஏன்னா இது நான்தான்.

சிரிங்க, சிரிங்க. கண்டக்டரும் சிரிக்கட்டும். புதுக்கோட்டை பூங்காவனம்னா ஒரு காலத்துல இந்த ஜில்லாவுல தெரியாத ஆள் கெடையாது. நாடகத்துல ஸ்திரீபார்ட், பதினெட்டு வருஷம் கதாநாயகி. ராணி வேஷம் எத்தனையோ கட்டியிருக்கேன். எல்லா ராணியும் கடைசியில புருஷனோட சேந்துருவா, மங்களம் பாடிட்டு வீட்டுக்குப் போயிரலாம். கழுத்து போன ராணி இவ ஒருத்திதான். சொல்றேன், கேளுங்க. திருமயம் வர்றதுக்குள்ள ராணிக்குக் கல்யாணம் ஆயிரும், கீழச்சிவல்பட்டியில கழுத்து போயிரும், திருப்பத்தூர்ல நான் எறங்கிருவேன்.

ஆனா ஒண்ணை முதல்லயே சொல்லிர்றேன். என் வாழ்க்கையிலேயே தோத்துப்போன நாடகம் அது. அதுக்கு நான் காரணம் இல்ல. நான் ஒரு எழுத்து மாத்தலை.

எம்பத்தொம்பதாம் வருஷம், ஆனி மாசம். திருவிழா சீசன் முடிஞ்சு எல்லாரும் சும்மா உக்காந்திருக்கோம். புதுச்சேரிப் பக்கம் ஒரு நூல் மில்லு, அந்த மில்லு தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் ஒருத்தர் எங்க நாடக சங்கத்தைத் தேடிக்கிட்டு வந்தார். ஆளவந்தார்னு பேரு, எல்லாரும் தோழர்னு கூப்பிடுவாங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, பேசும்போது ஆள்காட்டி விரலை ஆட்டிக்கிட்டே பேசுவார். சுவர்ல மாட்டியிருந்த நடிகைங்க படத்தையெல்லாம் வரிசையாப் பாத்தார். என் படத்துல விரலை வச்சு, "இவங்கதான்"னுட்டார்.

"ஏங்க என்னை?"ன்னேன்.

"பாத்தாலே திமிர் தெரியுது"ன்னார்.

பாராட்டா எடுத்துக்கிட்டு மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

போற வழியெல்லாம் தோழர் சொல்லிக்கிட்டே வந்தார். பிரான்ஸ்ல புரட்சி வந்து இருநூறு வருஷம் ஆச்சாம். அதுக்காக அவரே ஒரு நாடகம் எழுதியிருக்கார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மில்லு மைதானத்துல நடிக்கணும். அதுல ஒரு அவசரமும் இருந்துச்சு. மில்லுல நூலைக் கண்டாச் சுத்துற பிரிவுன்னு ஒண்ணு, கண்டுப் பிரிவும்பாங்க. பூராவும் பொம்பளைங்க, நூத்தி நாப்பது பேரு. அந்தப் பிரிவை மூடப்போறதா நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டிருச்சு. சங்கம் சண்டை போடணும். ஆனா அந்தப் பொம்பளைங்க சங்கத்துக் கூட்டத்துக்கே வர்றதில்லை. "கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க. நாடகம்னா வருவாங்க. ஏழை சனம் எழுந்தா ராணி தலையே உருளும்னு கண்ணால பாக்கட்டும். தலை விழும்போது அவங்க கைதட்டணும். அது உங்க பொறுப்பு"ன்னார்.

என் தலை விழுறதுக்குக் கைதட்டு வாங்கிக் குடுக்கிற பொறுப்பு என்னுது. சரின்னேன்.

அங்க மதாம் லெயோனின்னு ஒரு அம்மா. நம்ம தமிழ்க்காரங்கதான், பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆனவங்க. அவங்கதான் எனக்கு உடுப்பு தச்சாங்க. பழைய ஜன்னல் திரையெல்லாம் கிழிச்சு, மூங்கில் வளையம் வச்சு, இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே. வாயில குண்டூசியை வச்சுக்கிட்டே ராணி கதையைச் சொன்னாங்க.

ஆஸ்திரியா தேசத்து மகாராணிக்குப் பதினஞ்சாவது புள்ளையாம். பதினாலு வயசுல பிரான்ஸ் எளவரசனோட கல்யாணம். எல்லையில ஒரு கூடாரம் போட்டு, பொறந்த நாட்டுத் துணி ஒண்ணு மிச்சமில்லாம, காலுறை வரைக்கும் கழட்டச் சொல்லிட்டாங்களாம். ஆசையா வளத்த நாய்க்குட்டியையும் வாங்கிக்கிட்டாங்களாம்.

"நாய்க்குட்டியையுமா?"ன்னேன்.

"நாய்க்குட்டியையும்தான். அசையாதம்மா, ஊசி குத்தும்."

மாப்பிள்ளைக்குப் பதினஞ்சு வயசு. பூட்டு செய்யுறதுலயும் வேட்டைக்குப் போறதுலயும்தான் ஆசை. பொண்டாட்டி பக்கம் திரும்பவே ஏழு வருஷமாச்சாம். அந்த ஏழு வருஷமும் ஊரெல்லாம் ஒரே கேள்வி, "என்ன, இன்னும் விசேஷம் இல்லையா?" "அங்கயுமா மதாம்?"ன்னு கேட்டேன். அவங்க சிரிச்ச சிரிப்புல குண்டூசி நாலு கீழ விழுந்துருச்சு.

அப்புறம் நாலு புள்ளைங்க. ரெண்டு சின்னதுலயே போயிருச்சு. பட்டு, வைரம், சீட்டாட்டம்னு ராணி செலவு பண்ணலையான்னா, பண்ணினா. எவளோ ஒரு மோசக்காரி ராணி பேரைச் சொல்லி வைர நெக்லஸ் வாங்கினா, அந்தப் பழியும் இவ தலையில விழுந்துச்சு. புரட்சி வந்ததும் குடும்பத்தோட தப்பிச்சு ஓடப் பாத்து மாட்டிக்கிட்டாங்க. எதிரி நாட்டுக்கு ரகசியமாக் காயிதம் எழுதினா, அதுவும் நெசம்தானாம். முதல்ல புருஷன் தலை போச்சு. ஒன்பது மாசம் கழிச்சு இவளுது. முப்பத்தேழு வயசு.

கில்லட்டின் எந்திரத்தைப் பண்ணினது கலியபெருமாள்னு மில்லு ஃபிட்டர். அவர்தான் தலையை வெட்டுற ஆளாவும் நடிச்சார். மலை மாதிரி உடம்பு. ஆனா ஒத்திகையில கத்திக் கயித்தை விடணும்னா கண்ணை இறுக்க மூடிக்குவார். தகரக் கத்திதான், வெள்ளிப் பெயிண்டு அடிச்சது. என் கழுத்துக்கு மேல நாலு விரல் தள்ளி ஒரு கட்டையில வந்து நின்னுரும், கீழ கூடையில முட்டைக்கோஸ் விழும். "உங்களுக்குப் படாதுங்க, படாதுங்க"ன்னு பத்துத் தடவை சொல்லுவார். நடிப்புன்னா கிலோ என்ன வெலைன்னு கேக்கிற ஆளு.

தோழரோட எனக்கு ஒரே ஒரு தகராறுதான். சனங்க ரொட்டி இல்லாம அழுறாங்கன்னு மந்திரி சொல்லுவார். நான், "ரொட்டி இல்லையா? கேக்கு சாப்பிடட்டுமே!"ன்னு சொல்லணும். "அப்படி அவ சொல்லவே இல்லையாம், மதாம் சொல்றாங்க"ன்னேன்.

தோழர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார். "சொன்னான்னு உலகமே நம்புது."

"உலகம் நம்பினா ஆச்சா?"

"நாடகத்துக்கு அது போதும்."

சரி, எழுதினதைப் பேசுறது என் தொழில். பேசிட்டுப் போறேன்.

ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மைதானம் நெறஞ்சுருச்சு. எடது பக்கம் ஆம்பளைங்க, வலது பக்கம் கண்டுப் பிரிவுப் பொம்பளைங்க, நூத்தி நாப்பது பேரும் வந்திருக்காங்க. தோழர் முகத்தைப் பாக்கணுமே, பொண்ணைக் கட்டிக் குடுக்கிற வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

அந்தக் கேக்கு வரி வந்துச்சு. தோழர் பேசிக் காட்டினப்ப உதட்டைச் சுழிச்சுச் சொல்லுவார். எனக்கு அப்படி வரலை டீச்சர். பதினாலு வயசுல அரண்மனைக்குள்ள போனவளுக்கு ரொட்டிக்கடை எந்தத் தெருவுல இருக்குன்னு தெரியுமா? யாரோ பசின்னு சொல்றாங்க. கையில தட்டு இருக்கு. "ரொட்டி இல்லையா? கேக்கு சாப்பிடட்டுமே!"ன்னு தட்டை நீட்டிட்டேன். பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒரு குரல் தெளிவாக் கேக்குது: "பாரேன், தன் வாய்க்குப் போறதைக் குடுக்குது. நல்ல மனசு."

தட்டி மறைவுல தோழர் தலையில அடிச்சுக்கிட்டார். நான் என்ன பண்ணேன்? எழுதினதைத்தானே சொன்னேன்?

ராஜாவா நடிச்ச மனுஷன் வரி மறந்து சீக்கிரமே செத்துப்போனார், அவரை விட்டுருவோம். அடுத்தது விசாரணைக் காட்சி. தோழர்தான் அரசாங்க வக்கீல். குத்தப் பட்டியலைப் படிச்சுக்கிட்டே வந்து, கடைசியில, "பெத்த மகனையே கெடுத்தவ இவ"ன்னார். நெசமாவே அப்படி ஒரு அபாண்டத்தைச் சொன்னாங்களாம் அந்த ஊர்ல. அதுக்கு ராணி சொன்ன பதிலையும் எழுதியிருந்தார், அவர் நேர்மையான ஆளு. "இதுக்கு நான் என்ன சொல்ல? இங்க இருக்கிற ஒவ்வொரு தாயையும் கேக்கிறேன்." இதுதான் பதில். தாயைக் கேக்கிறேன்னா எந்தப் பக்கம் திரும்பணும்? பொம்பளைங்க பக்கம்தானே? திரும்பினேன். ஒவ்வொரு முகமாப் பாத்தேன்.

அதுக்கப்புறம்தான் என் பெரிய காட்சி. கையைப் பின்னால கட்டி, வெள்ளை உடுப்பு போட்டு, முடி வெட்டின டோப்பா வச்சு, நெசமான மாட்டு வண்டியில கூட்டத்துக்கு நடுவுல என்னை ஏத்திக்கிட்டு வரணும். சனங்க, "ஒழிக, ஒழிக"ன்னு கத்தணும். மேடையேறும்போது வெட்டுறவன் காலை மிதிச்சிட்டு மன்னிப்புக் கேக்கணும். இது நெசமா நடந்ததாம் டீச்சர், மதாம் சொன்னாங்க. சாகப்போற நேரத்துல, "மன்னிச்சுக்குங்க, வேணும்னு செய்யலை"ன்னு சொன்னாளாம். அந்த ஒரு வரிக்காக ஒரு வாரம் தூங்காம பயிற்சி எடுத்திருந்தேன்.

வண்டி பாதி மைதானம் வந்துச்சு. ஆம்பளைங்க பக்கம் கொஞ்சம் "ஒழிக". பொம்பளைங்க பக்கம் ஒண்ணுமில்ல. திடீர்னு ஒரு அம்மா எந்திரிச்சு வந்து மாட்டு மூக்கணாங்கயித்தைப் பிடிச்சிட்டாங்க. அஞ்சலாட்சின்னு பேரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கட்டையான உடம்பு, முந்தானையை இழுத்துச் சொருகியிருந்தாங்க.

"தோழரே, மாரியை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

மரின்னு சொன்னது அவங்க காதுல மாரின்னு விழுந்திருக்கு. தோழர் மேடையிலேருந்து மைக்குல, "அக்கா, நாடகம் நடக்குது. விடுங்க"ன்னார்.

"நடக்கட்டும். போன மாசம் செல்லக்கண்ணை வேலையை விட்டு நிறுத்தினப்ப மில்லு கேட்டுல நின்னு யாரு கத்தினது? ஒழுங்கா விசாரிக்காம யாரையும் தண்டிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இது என்ன விசாரணை? குத்தத்தைப் படிச்சீங்க, உடனே வண்டியில ஏத்திட்டீங்க."

"அது தொழிலாளி. இது ராணி."

"கழுத்து ஒண்ணுதானே?"

நான் வண்டியில இருந்துக்கிட்டே, "ஏம்மா, விடும்மா, நான் சாகணும்"ங்கறேன். "நீ சும்மா இரு தாயி"ன்னுட்டாங்க. ராணியைப் பாத்து!

தோழருக்கு முகம் செவந்துபோச்சு. காயிதத்தைக் கீழ போட்டுட்டு மைக்கோட மேடை விளிம்புல வந்து உக்காந்துட்டார். விரலை ஆட்டலை. சாதாரணமாப் பேசினார். "அக்கா, அறுபத்தஞ்சுல அரிசிக்கு வரிசையில நின்னாங்களே, ஞாபகம் இருக்கா? எங்கம்மா அந்த வரிசையிலேயே சுருண்டு விழுந்துட்டா. நான்தான் வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு வந்தேன். எடையே இல்லக்கா. அந்த ஊர்லயும் அப்படித்தான். அரண்மனையில வெளக்கு எரியுது, ஊர்ல அடுப்பு எரியலை. பொறுக்க முடியாம, மழையில நனைஞ்சுக்கிட்டே, ரொட்டி கேட்டு ராஜா அரண்மனை வரைக்கும் நடந்தாங்க. ஏழாயிரம் பேரு. பூராவும் பொம்பளைங்க."

அஞ்சலாட்சியம்மா கயித்தை விடலை. "பொம்பளைங்களா?"

"பொம்பளைங்கதான். மறுநாள் ராஜாவையும் ராணியையும் கையோட கூட்டிக்கிட்டு வந்தாங்க."

"அதை ஏன் நாடகத்துல வைக்கலை?"

தோழர் சொன்னார், "நடிக்கப் பொம்பளைங்க கெடைக்கலை."

"எங்களைக் கேட்டீங்களா?"

தோழர் கீழ கெடந்த காயிதத்தைப் பாத்தார். அப்புறம் மெதுவா, "கேக்கலைக்கா"ன்னார்.

"எங்க பிரிவை மூடுற விஷயத்துல சங்கத்துக் கமிட்டியில ஒம்போது ஆம்பளைங்க உக்காந்து பேசினீங்க. அப்பவும் கேக்கலை."

"அப்பவும் கேக்கலை."

அந்தம்மா திரும்பி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க: "எந்திரிங்கடி." நூத்தி நாப்பது பேரும் எந்திரிச்சுட்டாங்க டீச்சர்! மைதானத்தைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. முதல் சுத்துல ரொட்டி கேட்டாங்க. ரெண்டாவது சுத்துல, "எங்க பிரிவை மூடாதே"ன்னு வந்துருச்சு. மூணாவது சுத்துல ஆம்பளைங்களும் பின்னால சேந்துட்டாங்க. அவங்க பாட்டுக்குச் சுத்துறாங்க, சுத்துறாங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நடு மைதானத்துல மாட்டு வண்டியில உக்காந்திருக்கேன். வெயிலு. மூக்குல வேர்வை, தொடைக்க வழியில்லை. வண்டி மாடு வேற சாணி போட்டுருச்சு. என்னை ஒரு நாதி திரும்பிப் பாக்கலை. பதினெட்டு வருஷ அனுபவத்துல இப்படி ஒரு அவமானம் கெடையாது.

அரை மணி நேரம் கழிச்சு, மூச்சு வாங்கிக்கிட்டு அஞ்சலாட்சியம்மா வந்தாங்க. தன் முந்தானையால என் முகத்தைத் தொடச்சு விட்டாங்க. "எங்க வயிறு காஞ்சதும் நெசம். நீ புள்ளைக்காரி, அதுவும் நெசம். இதுல என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. போயிட்டு வா ஆத்தா"ன்னு மாட்டை விட்டாங்க.

வண்டி போச்சு. யாரும் "ஒழிக" சொல்லலை. நான் படியேறினேன், கலியபெருமாள் காலை மிதிச்சேன். "மன்னிச்சுக்குங்க, வேணும்னு செய்யலை"ன்னேன். ஒரு வாரப் பயிற்சி, எவ்வளவு அழகா வந்துச்சு தெரியுமா? அதுக்கு அந்த ஆளு பதில் பேசக் கூடாது. வரியே கெடையாது அவருக்கு. கண்ணுல தண்ணி ஊத்துது, "பரவால்லைங்க"ன்னுட்டார். மைதானம் பூரா கேட்டுச்சு. என் வரியே போச்சு.

கத்தி எறங்குச்சு. முட்டைக்கோஸ் விழுந்துச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டுக் காத்திருக்கேன், காத்திருக்கேன், ஒரு கைதட்டல்? ம்ஹூம். ஆயிரம் பேரு, காக்கா கத்துறது கேக்குது. திரை விழுந்த பொறவும் யாரும் எந்திரிக்கலை, பேசலை. தோழர்கிட்ட, "என்னால முடியலைங்க, தோத்துட்டேன்"னு சொன்னேன். அவர் என்னவோ மாதிரி என்னைப் பாத்தார்.

பின்னாடி ஒரு காயிதம் போட்டிருந்தார். அஞ்சலாட்சியம்மா கமிட்டிக்கு வந்துட்டாங்களாம், கூட ரெண்டு பொம்பளைங்களாம், நோட்டீஸை நிர்வாகம் கிழிச்சுப் போட்டுருச்சாம், கண்டுப் பிரிவு நடக்குதாம். நாலு பக்கம் எழுதியிருந்தார். அதுல என் நடிப்பைப் பத்தி ஒரு வரி இல்ல, பாத்துக்குங்க.

இருங்க, திருப்பத்தூர் வந்துருச்சு போல. இதை மட்டும் சொல்லிட்டு எறங்கிர்றேன். கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம்!

வேஷம் கலைச்சுக்கிட்டு இருக்கேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சலசலன்னு சத்தம். பாத்தா பொம்பளைங்க, அம்பது பேரு இருக்கும். தூக்குவாளியில புளிச்சோறு, அவிச்ச முட்டை. "மத்தியானத்துலேருந்து சாப்பிடலையாமே"ன்னு அஞ்சலாட்சியம்மா எலையைப் போட்டுட்டாங்க. நான் சாப்பிட, ஒவ்வொருத்தியா வந்து என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறா. தந்திரம் எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான், வேற என்ன.

அப்ப அஞ்சலாட்சியம்மா கேட்டாங்க: "ராணிக்கு நாலுல ரெண்டு போயிருச்சுன்னு நாடகத்துல சொன்னீங்களே, மிச்சம் இருந்த அந்த ரெண்டு புள்ளைங்க என்ன ஆச்சு?"

மதாம் எனக்குச் சொல்லியிருந்தாங்க. பையன் குடும்பத்தையே அடைச்சு வச்சிருந்த செறையிலேயே, பத்து வயசுல போயிட்டான். பொண்ணு மட்டும்தான் வெளிய வந்துச்சு. அம்பது பேரும் என் வாயையே பாக்குறாங்க. சோத்தை முழுங்கிட்டு, "ரெண்டும் நல்லாருக்கு. சித்தி ஒருத்தி கூட்டிட்டுப் போயி வளத்துட்டா"ன்னேன். பாதிதான் டீச்சர் பொய்யி. பொண்ணு பொழச்சுதே.

நிமிந்து பாத்தா, வாசல்ல தோழர் நிக்கிறார். எல்லாத்தையும் கேட்டுட்டார். கையில எடுத்த சோத்தை எலையிலேயே வச்சுட்டேன்.

அஞ்சலாட்சியம்மா அவர் பக்கம் திரும்பினாங்க. "அப்படியா தோழரே?"

தோழர் கண்ணாடியைக் கழட்டினார். சட்டை நுனியால தொடச்சார். தொடச்சுக்கிட்டே இருந்தார்.

"ஆமாக்கா"ன்னார். "ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்க."